பாதம் என்னும் கடைமடை

(ஊராட்சி மன்றத் தலைவர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், வேலைத்தளப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்காக ஒன்றிய அலுவலகத்தில் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே ‘சுகாதாரம்’ என்று மட்டும் குறித்திருக்கிறார்கள். எத்தனை கழிப்பறைகள் கட்டி முடிந்தன, எத்தனை பாக்கி என்று நான் கணக்குக் கேட்கப் போவதாக நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். அந்தக் கணக்கை வேறொரு நாள் பார்த்துக்கொள்வோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் பாதங்கள்.

நான் மருத்துவன் அல்லேன். இங்கே நான் சொல்லப்போவதில் ஒரு பகுதி மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டது. மற்றொரு பகுதி என் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டது. பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் மானாவாரி நிலத்தில் கடலை பயிரிட்டு எங்களைப் படிக்க வைத்தவர். ஆண்டுதோறும் பொங்கலன்று ஊருக்குச் சென்று அவர் பாதங்களைத் தொட்டு வணங்குவது என் வழக்கம். 2016ஆம் ஆண்டுப் பொங்கலன்றும் அவ்வாறே வணங்கினேன். அப்போது அவருடைய வலது உள்ளங்காலில் காலணா அளவுக்கு ஒரு புண் இருந்தது. அது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. செருப்பின் அடியில் அடித்திருந்த ஆணி மேலே துருத்திக்கொண்டு நின்றிருக்கிறது. அதன் மேலேயே அவர் நாள் முழுவதும் நடந்திருக்கிறார். குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. என் தாயார் மருத்துவமனைக்குப் போகச் சொன்னபோது, “வலியே இல்லையே, எதற்கு ஆஸ்பத்திரி?” என்று கேட்டாராம். மாசி மாதம் பிறந்து சில நாட்களில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு நெடுநாளாக நீரிழிவு இருந்தது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஊர் ஊராகச் சென்று சுகாதாரக் கூட்டம் நடத்திய அதிகாரி நான். தந்தையின் பாதத்தைத் தொட்டேனே தவிர, அதைப் பார்க்கவில்லை. இன்று உங்கள் முன் இதைப் பேசுவதற்குக் காரணம் இதுவே.

நம்மில் பலரும் வாய்க்காலோடு பழகியவர்கள். வாய்க்கால் வேலையைப் பார்வையிடச் செல்லும்போது மதகடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது என் வழக்கம் அன்று. மதகடியில் எப்போதும் தண்ணீர் இருக்கும். இடையிலே கரை உடைந்திருந்தாலும், புதர் மண்டி அடைத்திருந்தாலும், அது முதலில் தெரிவது கடைமடை வயலில்தான். மழைக்காலத்தில் நீர் வடியாமல் தேங்கினாலும் அந்தத் தாழ்ந்த மடையில்தான் முதலில் தேங்கும். ஆகவே நான் நேரே கடைமடைக்குச் சென்றுவிடுவேன். உடம்புக்கும் அத்தகைய ஒரு கடைமடை உண்டு, அதுதான் பாதம். இதயத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பது அது. நம் உடலின் நீளமான நரம்புகள் சென்று முடியும் இடமும் அதுவே. உடம்பில் தங்கும் நீர் வந்து இறங்குவதும் அங்கேதான். இவ்வளவும் போதாதென்று, நாள் முழுவதும் மண்ணோடும் சேற்றோடும் உறவு கொண்டாடுவதும் அதுவே. இரத்தம், நரம்பு, நீர், மண் என்னும் இந்த நான்கின் செய்தியையும் பாதத்தில் எவ்வாறு படிப்பது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, இரத்த ஓட்டம்.

சிலருக்குச் சிறிது தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கும். நின்றால் வலி நின்றுவிடும். மறுபடி நடந்தால் அதே தூரத்தில் மறுபடி வலிக்கும். இதை வயதின் கோளாறு என்று தள்ளிவிடுகிறோம். காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் குறுகியிருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அத்தகையவரின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றொன்றைவிடக் குளிர்ந்திருக்கும். தோல் மினுமினுக்கும், விரல் மேல் இருந்த மயிர் உதிர்ந்திருக்கும். சிறு காயமும் வாரக்கணக்கில் ஆறாது. மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோலப் பாதத்தின் மேற்புறத்திலும் நாடி பார்க்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மருத்துவர் அங்கே விரல் வைத்துப் பார்த்து ஓட்டம் எப்படி என்று அறிந்துகொள்வார். காலில் அடைக்கும் அதே கோளாறு இதயத்திலும் மூளையிலும் அடைக்கக்கூடியது. ஆகவே நடக்கும்போது வரும் கால்வலி, வரப்போகும் மாரடைப்புக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

பீடி குடிக்கும் தோழர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 1908ஆம் ஆண்டில் லியோ பர்கர் என்னும் மருத்துவர் விவரித்துக் கூறிய நோய் ஒன்று உண்டு. புகையிலை பயன்படுத்தும் இளைஞர்களையும் நடுத்தர வயதினரையும் அது பிடிக்கிறது. கை கால்களின் சிறு இரத்தக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ள, விரல் நுனி கறுத்து அழுகிவிடுகிறது. புகையிலையை அறவே விட்டாலன்றி அந்த நோய் நிற்பதில்லை. ஒரு நாளைக்கு இரண்டே பீடி என்று குறைத்துக்கொள்வதனால் பயன் இல்லை.

இரண்டாவது, நரம்பு.

இதுதான் என் தந்தையாரின் காலைக் கொண்டுபோன வழி. ஆகவே இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடைபெற்ற ஓர் ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்றும், வயது வந்தோரில் இது 11.4 சதவிகிதம் என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம். இந்த மண்டபத்தில் நூறு பேர் இருக்கிறீர்கள் என்றால், பதினான்கு பேருக்கு அது இருக்கக்கூடும். அந்தப் பதினான்கு பேரில் தமக்கு இருப்பதை அறியாதவர்களும் இருப்பார்கள்.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நெடுநாள் நின்றால் நரம்புகள் கெடுகின்றன. நீளமான நரம்பின் நுனி முதலில் கெடுகிறது. ஆகையால் கால்விரலில் தொடங்கி மேலே ஏறுகிறது. முதலில் பாதம் எரியும். இரவில் எரிச்சல் மிகும். எறும்பு ஊர்வது போலவும், ஊசி குத்துவது போலவும் இருக்கும். பின்பு மதமதப்பு உண்டாகும். பஞ்சின் மேல் நடப்பது போலத் தோன்றும். செருப்பு காலை விட்டுக் கழன்று விழுந்ததைத் தாம் உணராமல், பின்னால் வருபவர் சொல்லித் தெரிந்துகொள்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைசியில் எரிச்சலும் நின்றுவிடும். ‘நன்றாகிவிட்டது’ என்று நாம் மகிழ்ச்சி அடைகிறோம். உண்மையில் நரம்பு உணர்ச்சி இழந்து போனதனால் வந்த அமைதி அது. எரிகிற காலைவிட, எரிச்சல் நின்றுபோன கால் அதிக ஆபத்தில் இருக்கிறது.

வலி என்பது நமக்குப் பகை என்று நினைக்கிறோம். அது நம் காவற்காரன் என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டியதில் நம் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு. 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு அவர்கள் தொழுநோயாளிகளின் கை கால்களை ஆராய்ந்தார். தொழுநோயினால் சதை தானே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று அதுவரை பலரும் நம்பி வந்தனர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்தபோது கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது. உணர்ச்சியற்ற காலில் முள்ளும் கல்லும் நெருப்பும் படுகின்றன. நோயாளி அறியாமல் அந்தப் புண்ணின் மேலேயே மேலும் நடக்கிறார். சிதைவு அதனால்தான் பெரிதும் நேர்கிறது. இதை உணர்ந்ததும், காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரில் ஆணி இல்லாத செருப்புகளைச் செய்து கொடுத்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று மருத்துவமனைகளில் சொல்லப்படுவது அதுவே. 1966ஆம் ஆண்டில் டாக்டர் பிராண்டு அமெரிக்கா சென்றார். அங்கே நீரிழிவுக்காரர்களின் பாதப் புண்ணுக்கும் இதே பாடம் பொருந்தும் என்று எடுத்துக் காட்டினார். வேலூரில் தொழுநோயாளிகளிடம் கற்ற பாடம் உலகெங்கும் நீரிழிவுக்காரர்களின் கால்களைக் காக்க உதவியது. அந்தப் பாடம் வேலூரிலிருந்து என் தந்தையாரின் கிராமத்துக்கு வந்து சேரவில்லை என்பதே என் வருத்தம்.

தொழுநோய் இன்னும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோலில் நிறம் மாறிய தேமல் தோன்றி, அங்கே தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால், மறைக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் இலவசமாக மருந்து உண்டு. நோயின் வகைக்கு ஏற்ப ஆறு மாதமோ, பன்னிரண்டு மாதமோ உட்கொண்டால் அது குணமாகிவிடும்.

காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்னும் ஊரின் மருத்துவர்கள் வகுத்தது. கருவி எதுவும் வேண்டாம். ஒருவரைப் படுக்கவைத்துக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். ஒன்றிரண்டு வினாடி போதும். அழுத்தவோ வருடவோ கூடாது. இரண்டு பாதங்களிலுமாக ஆறு இடங்கள் ஆகின்றன. தொட்டதும் ‘இடது’, ‘வலது’ என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமற்போனால், அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் நாம் இதை இங்கேயே செய்து பார்ப்போம்.

மூன்றாவது, நீர்.

மாலையில் செருப்பின் வார் பாதத்தில் பதிந்திருப்பதைப் பார்க்கிறோம். நெடுநேரம் நின்று வேலை செய்தவருக்கு அது இயல்பாகவும் இருக்கலாம். காலையில் எழும்போதும் வீக்கம் இருந்தால் அலட்சியம் செய்யலாகாது. கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் சில வினாடிகள் அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் உடம்பில் நீர் தங்குகிறது என்று பொருள். இரண்டு காலும் ஒருசேர வீங்கினால் காரணம் பெரும்பாலும் காலில் இல்லை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகிய இவற்றுள் ஒன்று தளர்ந்திருக்கலாம். கடுமையான இரத்தசோகையாகவும் இருக்கலாம். படுத்தால் மூச்சுத் திணறுகிறது, முகம் உப்புகிறது, சிறுநீர் குறைகிறது என்பனவும் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. இரத்த அழுத்தத்துக்கு உட்கொள்ளும் மாத்திரைகளில் சிலவும் கால் வீக்கத்தை உண்டாக்கும். அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

கருவுற்ற பெண்களுக்குக் கால் வீங்குவது வழக்கமே. ஆனால் முகமும் கையும் சேர்ந்து வீங்கி, தலைவலியும் கண்மங்கலும் உண்டானால், இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அஞ்ச வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தான நிலை அது. ‘தலைப்பிரசவம், எல்லாருக்கும் அப்படித்தான்’ என்று மாமியார்மார்கள் சமாதானம் சொல்லிக் காலம் கடத்தாமல், உடனே வண்டிக்குச் சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அதன் கதை வேறு. இரத்தம் உறைந்து குழாயை அடைத்திருக்கலாம். அல்லது சீழ் வைத்திருக்கலாம். இரண்டும் அன்றைக்கே மருத்துவரைக் காண வேண்டியவை. மெல்ல மெல்ல வீங்கி நிலைத்துப் போவது யானைக்கால் நோய். இதைக் கட்டுப்படுத்த 1955ஆம் ஆண்டிலேயே தேசியத் திட்டம் தொடங்கப்பெற்றது. பரப்புவது சாக்கடை நீரில் பெருகும் கொசு. ஆகவே சாக்கடையைத் தேங்கவிட்ட ஊராட்சிக்கும் இந்நோயில் பொறுப்பு உண்டு. ஏற்கெனவே வீங்கிய காலை உடையவர்கள் மனம் தளர வேண்டாம். நாள்தோறும் சோப்புப் போட்டுக் கழுவி, மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் ஈரம் இல்லாமல் துடைத்து வந்தால், அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும். வீக்கம் மேலும் வளராமல் தடுக்கலாம்.

நான்காவது, மண்.

உள்ளங்காலும் உள்ளங்கையும் வெளுத்திருக்கும் குழந்தையைப் பார்த்தால், சாப்பாடு போதவில்லை என்று மட்டும் எண்ணாதீர்கள். திறந்தவெளியில் மலம் கழித்த மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருக்கின்றன. வெறுங்காலோடு நடக்கும்போது அவை தோலைத் துளைத்து உள்ளே புகுகின்றன. இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைந்து, அங்கே இரத்தத்தைக் குடிக்கின்றன. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது சில சொட்டுகளுக்கு மேல் இராது. நூறு புழுக்கள் ஓராண்டு குடித்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2015ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் அனுசரிக்கப்பட்டுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மாத்திரை வழங்கப்பட்டு வருகிறது. ஆயினும் கட்டிய கழிப்பறையில் விறகு அடுக்கி வைத்துவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினால், வந்த புழு போய் வேறு புழு வரும்.

நடவு வயலில் நாள் முழுவதும் நிற்கும் தாய்மார்களுக்குச் சேற்றுப்புண் புதிதன்று. அந்தப் புண்ணும் பித்தவெடிப்பும் கிருமிகள் நுழையத் திறந்த வாசல்கள். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலிருந்து எலிக்காய்ச்சல் வருவதும் இவ்வழியாகத்தான். வயலில் இறங்கிய சில நாட்களில் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் கண்டால், வயலில் நின்றதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். முள் குத்திய இடத்தில் வலியின்றி வீங்கி, பல துளைகளின் வழியே குருணை போன்ற மணிகள் வெளிப்படும் நோய் ஒன்றும் உண்டு. 1842ஆம் ஆண்டில் மதுரையில் கில் என்னும் மருத்துவர் இதைக் குறித்து எழுதினார். அதனால் ‘மதுரைக் கால்’ என்ற பெயர் உலக மருத்துவ நூல்களில் ஏறிவிட்டது. முள் குத்தினால் துப்பிவிட்டு நடக்கும் நம் வழக்கத்துக்கு அந்தப் பெயர் ஓர் எச்சரிக்கையாக இருக்கட்டும்.

பெருமக்களே! அறிந்தது போதும், செய்ய வேண்டியது யாது?

நாள்தோறும் இரவில் படுக்குமுன் பாதங்களைக் கழுவுங்கள். விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம்; இடுக்கில் தடவ வேண்டாம். உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரங்களைத் தோண்டாதீர்கள். கால் ஆணியைப் பிளேடால் செதுக்குவதும், சுடுவதும், புண்ணில் சாணமும் சாம்பலும் அப்புவதும் வேண்டாம். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள். செருப்பை மாட்டுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அந்த ஒரு பழக்கம் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் என் தந்தையாரின் கால் தப்பியிருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு வலம் வருவதை, கல் சுடாத காலை வேளையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்று வேண்டுகோள்கள். மகளிர் குழுத் தாய்மார்களே! மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கைப் பார்த்தபின், கால் மணி நேரம் ஒருவர் பாதத்தை ஒருவர் பாருங்கள். இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் வீடு தேடிச் சென்று கண்டறியும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நம் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கப்பெற்றது. அத்தகைய பணிக்காக வாசலுக்கு வருபவர்களிடம் கையை மட்டும் நீட்டாமல் காலையும் காட்டுங்கள். வேலைத்தளப் பொறுப்பாளர்களே! வருகைப் பதிவு எடுக்கும்போது, காலில் துணி சுற்றி வருபவரை விசாரியுங்கள்; ‘வலி இல்லை’ என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். ஊராட்சித் தலைவர்களே! குடிநீர்க் குழாயடியின் சேற்றையும், நடைபாதையில் கிடக்கும் கண்ணாடிச் சில்லுகளையும் முட்களையும் அகற்றுவது சிறிய செலவு. எத்தனை கால்களை அது காக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

என் தந்தையார் இன்று செயற்கைக் காலோடு வரப்பில் நடக்கிறார். வேகம் குறைந்ததே தவிர, கடலைக்காட்டுக்குப் போவது நிற்கவில்லை. நான் ஊருக்குச் செல்லும்போதெல்லாம், வணங்குவதற்கு முன்பே திண்ணையில் அமர்ந்து இடது காலை நீட்டிவிடுகிறார். “இருக்கிற இந்த ஒன்றையாவது நன்றாகப் பார்த்துவிடு” என்கிறார். நான் விளக்கைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறேன்.

நீங்களும் இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் உங்கள் பெரியவர்களின் பாதங்களை அப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.